பைக் ஃபோர்க்கின் ஆயில் சீல் மாற்றும் முன் பைப்பைப் பாருங்கள்

அப்பா ஓட்டிய 1998 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டரில்தான் இன்றும் காவேரிப்பட்டணத்திலிருந்து பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறைக்கு வேலைக்குப் போகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் வலது ஃபோர்க்கில், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு கால்களில் வலது காலில், ஆயில் கசிந்தது. ஒரு கடையில் சீல் (ஆயிலை உள்ளேயே நிறுத்தும் ரப்பர் வளையம்) மாற்றிக் கொடுத்தார்கள். இருபதே நாளில் மறுபடி அதே ஈரம். நானே கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சீல் உரசும் குரோம் பைப்பில் நகம் மாட்டும் அளவுக்குத் துருப்புள்ளி. ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தப் புள்ளி புது சீலின் உதட்டைச் சீவிக்கொண்டே இருந்திருக்கிறது.

கசிவை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வழிகிற ஆயில் டயருக்கும் பிரேக் டிரம்முக்கும் போகலாம். தொப்பூர் கணவாய் மாதிரி இறக்கத்தில் முன் பிரேக் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கழற்றுவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். எங்கள் பக்கம் கல் தூசி அதிகம். பல நேரம் சீல் நன்றாகவே இருக்கும், உதட்டில் மண் சிக்கியிருக்கும். வீட்டில் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் இருந்தால் விரல் அகலத்துக்கு வெட்டி, முனையில் சின்னக் கொக்கி மாதிரி செதுக்குங்கள். டஸ்ட் சீலை (ஆயில் சீலுக்கு மேலே தூசி தடுக்கும் ரப்பர்) மேலே தூக்கிவிட்டு, ஃபிலிமை ஆயில் சீலுக்கும் பைப்புக்கும் நடுவே விட்டுச் சுற்றி இழுத்தால் அழுக்கு வெளியே வரும். துடைத்துவிட்டு நான்கு நாள் ஓட்டுங்கள். நின்றால் சரி, வேலை முடிந்தது.

நிற்கவில்லையா? ஒரு பக்கம்தான் கசிந்தாலும் இரண்டு பக்கத்துக்கும் சீல் வாங்குங்கள். பழைய சீலின் மேலேயே உள்விட்டம், வெளிவிட்டம், உயரம் அச்சிட்டிருக்கும். அதை ஒப்பிட்டு வாங்கினால் ஏமாற மாட்டீர்கள்.

சக்கரம் மாட்டியிருக்கும்போதே ஃபோர்க்கின் அடியில் உள்ள ஆலன் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். உள்ளே ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும்வரைதான் டேம்பர் ராடு (அந்த போல்ட் முறுக்கியிருக்கும் உள் தண்டு) சுற்றாமல் நிற்கும். மேல் போல்ட்டைக் கழற்றிய பிறகு முயன்றால் போல்ட்டோடு அதுவும் சேர்ந்து சுற்றும், அரை நாள் வீணாகும். அப்புறம் சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து, சக்கரத்தையும் மட்கார்டையும் எடுங்கள். மேல் போல்ட்டைக் கழற்றும்போது முகத்தை நேராக வைக்காதீர்கள். ஸ்பிரிங் அதைத் தள்ளும், உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திருப்புங்கள். ஸ்பிரிங்கின் எந்த முனை கீழே இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். ஃபோர்க்கை வண்டியிலிருந்து உருவி ஆயிலை வடித்து, டஸ்ட் சீல், சர்க்ளிப் (சீலைப் பிடித்திருக்கும் கம்பி வளையம்) இரண்டையும் எடுத்துவிட்டு, ஆலன் போல்ட்டை முழுதாகக் கழற்றினால் பைப் தனியாக வந்துவிடும். பழைய சீலை ஸ்க்ரூடிரைவரால் நெம்பும்போது விளிம்பில் மடித்த துணி வையுங்கள். அலுமினியத்தில் கீறல் விழுந்தால் அந்த வழியாகவே ஆயில் கசியும்.

இப்போது பைப். இதற்கு நேரம் ஒதுக்குங்கள். துடைத்துவிட்டு, சீல் ஏறி இறங்கும் பகுதி முழுக்க விரல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். (கழற்றுவதற்கு முந்தின நாளே பைப்பில் ரப்பர் பேண்ட் மாட்டி ஓட்டியிருந்தால், அது நின்ற இடம்வரைதான் அந்தப் பகுதி.) அதற்கு மேலே துரு இருந்தால் கவலை இல்லை. அந்தப் பகுதிக்குள் நகம் மாட்டினால், லேசான பிசிறுக்கு நைசான வாட்டர் பேப்பரில் ஆயில் தொட்டுத் தேய்க்கலாம். குரோமே பெயர்ந்து பள்ளமாகியிருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டு புது பைப் வாங்கிவிடுங்கள். வளைவும் பார்க்க வேண்டும். சமையலறை கிரானைட் மேடையில் துணி விரிக்காமல் பைப்பை உருட்டி, அடியில் வெளிச்சம் ஒரே சீராகத் தெரிகிறதா என்று கவனியுங்கள். அதைவிடச் சமமான தளம் வீட்டில் வேறு கிடையாது.

பைப்பை டேம்பர் ராடோடு பாட்டம் கேஸில் (ஃபோர்க்கின் அலுமினிய அடிப்பகுதி) இறக்கி, ராடு சுற்றாமலிருக்க ஸ்பிரிங்கைத் தற்காலிகமாக உள்ளே விட்டு அழுத்திக்கொண்டு, ஆலன் போல்ட்டைப் புது செம்பு வாஷர் போட்டு முறுக்குங்கள். சீல் உள்ளே போகும்போது பைப்பின் மேல் முனை அதைக் கிழிக்கும். காலிப் பால் கவரை முனையில் சுற்றி, மேலே ஃபோர்க் ஆயில் தடவி, அதன் வழியாக இறக்குங்கள். சீலில் சின்ன ஸ்பிரிங் தெரியும் பக்கம் கீழே, ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும். பழைய சீலை அதன் மேல் வைத்து, பைப்பின் மேல் நுழையும் பிவிசி குழாயால் சுற்றிலும் சமமாகத் தட்டுங்கள். சர்க்ளிப்பின் பள்ளம் முழுதாகத் தெரிந்தால் சீல் உட்கார்ந்துவிட்டது. பழையதை எடுத்துவிட்டு சர்க்ளிப்பையும் டஸ்ட் சீலையும் போடுங்கள்.

ஆயில் அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். கண் அளவில் ஊற்றாதீர்கள், குழந்தைகளின் பால் பாட்டிலில் மில்லி கோடு இருக்கிறதே, அது போதும். இரண்டு காலிலும் ஒரே அளவு இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்யாது. ஊற்றியதும் பைப்பைப் பத்து முறை மெதுவாக ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு, ஸ்பிரிங் போட்டு மூடுங்கள்.

ஃபோர்க்கை வண்டியில் மாட்டிவிட்டு, சக்கரம் மாட்டும்போது பிரேக் பேனலில் (டிரம்மை மூடும் தட்டு) உள்ள பள்ளம் ஃபோர்க்கின் முட்டில் உட்கார்ந்ததா என்று கண்ணால் பாருங்கள். உட்காராமல் ஓட்டினால், பிரேக் பிடித்ததும் பேனல் சுற்றிக்கொண்டு சக்கரமே பூட்டிவிடும். அச்சு நட்டைக் கடைசியாக முறுக்குவதற்கு முன் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஹேண்டில்பாரை நான்கு முறை அழுத்தினால் இரண்டு காலும் நேராகிக்கொள்ளும்.

ஒரு வாரம் ஓட்டிவிட்டு வெள்ளைத் துணியால் பைப்பைத் துடையுங்கள். லேசான பிசுபிசுப்பு இருக்கலாம். வளையமாக ஆயில் நின்றால் மறுபடி நகத்தை ஓட்டிப் பாருங்கள், எங்கேயோ ஒரு புள்ளியை விட்டிருக்கிறீர்கள்.