11 டன் டீசல் லாரியில் எவ்வளவு ஏற்றலாம்?

இன்ஜின் இழுக்கிறதே என்று லோடை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள், ஏனென்றால் இழுப்பது ஒன்று, நிறுத்துவது வேறு. முதலில் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். மொத்த எடை 11,000 கிலோ, வெறும் வண்டி 4,500 கிலோ என்று இருந்தால் நீங்கள் ஏற்றக்கூடியது 6,500 கிலோ, அதுவும் டிரைவர், கிளீனர், தார்ப்பாய், கயிறு எல்லாம் சேர்த்து.

எம்-சாண்ட் ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, சுமார் நாலரை டன் வரும். ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். ஆக ஒரு யூனிட் தாராளமாகப் போகும், இரண்டு யூனிட் கூடவே கூடாது. சந்தேகமா, எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள், அந்தச் செலவு அபராதத்தைவிட எவ்வளவோ குறைவு. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

அப்புறம், பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டால் வண்டி தாங்கும் என்பார்கள், நம்பாதீர்கள். பட்டைதான் கூடும், பிரேக், ஆக்சில், டயர் எல்லாம் பழையதுதானே? சுமையோடு மலை இறங்கும்போது நியூட்ரல் போடவே வேண்டாம், இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள்.