மக்காச்சோளம்: கையில் இருப்பது எது என்று பார்த்துவிட்டு அடுப்பைப் பற்ற வையுங்கள்

மக்காச்சோளச் சமையல் சொதப்பினால் பெரும்பாலும் கோளாறு செய்முறையில் இருக்காது, சோளத்தில்தான் இருக்கும். ஸ்வீட் கார்னுக்கு எழுதிய செய்முறையில் முற்றிய நாட்டுச் சோளத்தைப் போட்டால் எவ்வளவு நேரம் வேக வைத்தாலும் பல்லுக்குப் பிடிகொடுக்காது. கோழித் தீவனத்துக்கு விற்கிற காய்ந்த மணியை எண்ணெயில் கொட்டிவிட்டு, பாப்கார்ன் பொரியவில்லையே என்று அடுப்பைத் திட்டிப் பயனில்லை. கார்ன்ஃப்ளாரில் ரொட்டி தட்ட உட்கார்ந்தால் கை முழுக்கப் பசைதான். எல்லாம் ஒரே பயிர், ஆனால் ஒன்று செய்யும் வேலையை இன்னொன்று செய்யாது.

முதலில் பச்சைக் கதிர். கடையில் உரித்து, பிளாஸ்டிக் சுற்றி வைத்திருப்பதை விட மேல்தோலோடு இருப்பதை வாங்குங்கள். தோல் பச்சையாக, கதிரோடு ஒட்டி இருக்க வேண்டும், நுனியில் தொங்கும் முடி பழுப்பாக இருந்தாலும் கொஞ்சம் பிசுபிசுப்பு இருக்க வேண்டும். மொடமொடவென்று காய்ந்திருந்தால் பறித்து நாளாகிவிட்டது என்று அர்த்தம். உரித்துப் பார்த்தால் கடைக்காரர் முறைப்பார், அதனால் தோலுக்கு மேலேயே விரலால் அழுத்தி, நுனி வரைக்கும் மணி பிடித்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வீட்டுக்கு வந்து ஒரு மணியை நகத்தால் கீறினால் மீதி விஷயம் தெரிந்துவிடும். தண்ணீர் மாதிரி தெளிவாக வந்தால் இன்னும் பிஞ்சு, பால் மாதிரி வந்தால் சரியான பதம், ஒன்றுமே பீய்ச்சாமல் உள்ளே மாவாக இருந்தால் முற்றல், அது அவிக்கவும் சுடவும் ஆகாது, குக்கருக்குத்தான் போக வேண்டும். நுனியில் புழு இருந்தால் கதிரையே தூக்கிப் போட வேண்டாம், அந்த இரண்டு அங்குலத்தை வெட்டி எறிந்தால் போதும்.

பறித்த நிமிடத்திலிருந்தே சோளத்தில் உள்ள சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும், வெயிலில் இன்னும் வேகமாக. இப்போது கடைகளுக்கு வரும் ஒட்டுரக ஸ்வீட் கார்ன் சில நாள் தாங்கும், நாட்டுச் சோளம் அவ்வளவு தாங்காது. எப்படியிருந்தாலும் உரிக்காமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள், சீக்கிரம் சமையுங்கள். ஸ்வீட் கார்னுக்குக் கொதிக்கிற தண்ணீரில் 5 முதல் 7 நிமிடம் போதும். குக்கரில் நாலைந்து விசில் விட்டு அதன் இனிப்பையெல்லாம் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் வெண்ணெயும் மசாலாவும் தூவி ஈடுகட்டுவது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. மைக்ரோவேவ் இருந்தால் இன்னும் சுலபம்: தோலோடு அப்படியே 3 அல்லது 4 நிமிடம் வைத்து எடுத்து, காம்புப் பக்கம் ஓர் அங்குலம் குறுக்கே வெட்டி, நுனியைப் பிடித்து அழுத்தினால் கதிர் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும், முடி எல்லாம் தோலோடு தங்கிவிடும். துணி சுற்றிப் பிடியுங்கள், உள்ளே ஆவி கடுமையாக இருக்கும். நிறைய மலிவாகக் கிடைத்த நாளில் 4 நிமிடம் கொதிக்க வைத்து, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு, மணியைச் சீவி, ஈரத்தைத் துடைத்து ஃப்ரீசரில் வைத்தால் பல மாதம் வரும்.

நாட்டுச் சோளத்துக்கு நெருப்புதான். மெரினாவில் கரி அடுப்பில் விசிறிக்கொண்டே சுட்டுக் கொடுப்பார்களே, அதை வீட்டில் கேஸ் அடுப்பிலேயே செய்யலாம், ஆனால் பால் பதத்தில் இருக்கிற கதிராகப் பார்த்து எடுக்க வேண்டும். தோலை உரித்து, சிறு தீயில் நேரடியாக வைத்து, இடுக்கியால் திருப்பிக்கொண்டே இருங்கள். மணி பட்பட்டென்று வெடிக்கும், பயப்படாதீர்கள், முகத்தை மட்டும் கிட்டே கொண்டுபோக வேண்டாம். எல்லாப் பக்கமும் அங்கங்கே கருப்புப் புள்ளி விழுந்ததும் எடுத்து, அரை எலுமிச்சம்பழத்தை உப்பு, மிளகாய்த்தூளில் தொட்டு அழுத்தித் தேயுங்கள். சூட்டோடு தேய்த்தால்தான் பிடிக்கும். கதிர் முற்றிப்போயிருந்தால் சுடுகிற ஆசையை விட்டுவிட்டு, உப்புப் போட்டுக் குக்கரில் 5, 6 விசில் வைத்து, மணியை உதிர்த்துத் தேங்காய்த்துருவல், கடுகு, காய்ந்த மிளகாய் தாளித்துச் சுண்டலாக்கிவிடுங்கள்.

மணியைச் சீவ ஒரு வழி: பெரிய பாத்திரத்துக்குள் சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் கதிரை நிற்க வைத்து மேலிருந்து கீழாகச் சீவினால் மணி சமையலறை முழுக்கத் தெறிக்காது. சீவிய பிறகு கத்தியைத் திருப்பி அதன் மழுங்கின பக்கத்தால் கட்டையை ஒரு இழு இழுத்தால் கெட்டியான பால் வழியும், அதைக் குருமாவிலோ சூப்பிலோ ஊற்றுங்கள், தனியாகக் கெட்டிப்படுத்தவே வேண்டாம். கட்டையையும் எறியாதீர்கள். நாலு ஸ்வீட் கார்ன் கட்டையை உடைத்து, ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு துண்டு இஞ்சி, பத்து மிளகு போட்டு 40 நிமிடம் சிறு தீயில் கொதிக்க விட்டு வடிகட்டினால் லேசான இனிப்போடு ஒரு சாறு கிடைக்கும். சூப்புக்கு இதுதான் அடிப்படை, ரவை உப்புமாவுக்கும் வெஜிடபிள் பிரியாணிக்கும் தண்ணீருக்குப் பதில் இதை ஊற்றிப் பாருங்கள். ரசத்துக்கு மட்டும் வேண்டாம், புளியும் இந்த இனிப்பும் சண்டை போடும்.

மாலை நேரத்துக்கு வடை. அரை கப் கடலைப்பருப்பை 2 மணி நேரம் ஊற வைத்துத் தண்ணீர் ஒட்ட வடித்துக் கொரகொரப்பாக அரைத்துக்கொள்ளுங்கள். 2 கப் ஸ்வீட் கார்ன் மணியில் ஒன்றரை கப்பை மட்டும் தண்ணீர் விடாமல் ஒரு சுற்று ஓட்டி, மீதியை முழுசாகவே சேருங்கள். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சோம்பு, கறிவேப்பிலை, 2 மேசைக்கரண்டி அரிசி மாவு. உப்பை எண்ணெய் காய்ந்த பிறகு கடைசியாகப் போடுங்கள், முன்னாலேயே போட்டால் சோளம் தண்ணீர் விட்டு மாவு தளர்ந்துவிடும், அப்புறம் அரிசி மாவு கொட்டிக் கொட்டி வடை கல்லாகிவிடும். தீ மிதமாக இருக்கட்டும். முழு மணி சில நேரம் எண்ணெயில் வெடிக்கும், அதனால் வடையைக் கொஞ்சம் தட்டையாகவே தட்டுங்கள்.

காய்ந்த மணிக்கு வருவோம். பெரம்பலூர், அரியலூர் பக்கமெல்லாம் கண்ணுக்கு எட்டின தூரம் மக்காச்சோளம்தான், ஆனால் அதில் மிகப் பெரும்பகுதி நாமக்கல் கோழிகளுக்குத்தான் போகிறது, மனிதர்களுக்குக் குறைவு. தீவனத்துக்கென்று மூட்டையில் வருவதை வாங்காமல், சமையலுக்கென்று சுத்தம் செய்து விற்பதை வாங்குங்கள். பூஞ்சை வாடையோ கருப்பு மணியோ இருந்தால் வேண்டவே வேண்டாம். தோசைக்கு 2 பங்கு மக்காச்சோளம், 1 பங்கு இட்லி அரிசி, அரைப் பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். சோளத்தை மட்டும் முதல் நாள் காலையிலேயே ஊறப் போடுங்கள், 4 மணி நேர ஊறல் அதற்குக் காணாது, மிக்ஸி திணறும். கிரைண்டர் உத்தமம்.

அந்த மணியின் மேல் தோல் தடிப்புதான் எல்லாத் தொந்தரவுக்கும் காரணம். இந்தப் பயிர் பிறந்த மெக்சிகோவில் பல ஆயிரம் ஆண்டுகளாகச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேக வைத்துத்தான் அரைக்கிறார்கள். தோல் கழன்று வரும், மாவு சேர்ந்து வரும், அதைவிட முக்கியமாக சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்கிற வைட்டமின் உடம்புக்குக் கிடைக்கும். சோளத்தை வாங்கிக்கொண்டு சுண்ணாம்பை விட்டுவிட்ட இடங்களில், இத்தாலியின் வடபகுதியிலும் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும், அதையே முக்கிய உணவாகச் சாப்பிட்ட ஏழைகளைப் பெல்லாக்ரா என்ற நோய் வாட்டியது. நாம் மூன்று வேளையும் இதையே சாப்பிடுவதில்லை என்பதால் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் முறை நல்ல முறை. கால் கிலோ காய்ந்த சோளம், முக்கால் லிட்டர் தண்ணீர், உண்ணத் தகுந்த சுண்ணாம்பு அரைத் தேக்கரண்டி; வெற்றிலைக்குப் போடுகிற ஈரமான வெள்ளைச் சுண்ணாம்பு என்றால் ஒரு தேக்கரண்டி, சுவருக்கு அடிக்கிறது கூடவே கூடாது. எவர்சில்வர் பாத்திரம்தான், அலுமினியம் வேண்டாம், சுண்ணாம்பு அதை அரிக்கும். 40 நிமிடம் சிறு தீயில் வேக விட்டு, மூடி வைத்து, இரவு முழுக்க விடுங்கள். காலையில் மணி இன்னும் மஞ்சளாகியிருக்கும், உள்ளங்கையில் தேய்த்தால் தோல் கொழகொழவென்று கழன்று வரும். நாலைந்து தண்ணீர் விட்டு அலசிவிட்டு அரையுங்கள். இதில் அடை வார்த்தால் வாசனையே வேறு.

பாப்கார்னுக்கு அதற்கென்று உள்ள ரகம்தான் வேண்டும். அதன் தோல் கெட்டியாக, உள்ளே கிட்டத்தட்ட 14 சதவீதம் ஈரம் இருக்கும். சுமார் 180 டிகிரியில் அந்த ஈரம் ஆவியாகி அழுத்தம் தாங்காமல் வெடிப்பதுதான் பொரி. ஆகவே காய்ந்துபோன பழைய பாக்கெட் பொரியாது. அரைக் கிலோ மணியை ஒரு ஜாடியில் போட்டு, இரண்டு தேக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி, அவ்வப்போது குலுக்கி இரண்டு மூன்று நாள் வைத்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். பொரிக்க: கனமான பாத்திரம், 2 மேசைக்கரண்டி எண்ணெய், அதில் மூன்று மணி. மூன்றும் வெடித்ததும் மீதி அரை கப்பைப் போட்டு, அடுப்பிலிருந்து இறக்கி அரை நிமிடம் வைத்து, மறுபடி ஏற்றி மூடிக் குலுக்குங்கள். இப்படி இறக்கி ஏற்றினால் எல்லா மணியும் ஒரே சூட்டுக்கு வந்து சேர்ந்து வெடிக்கும், அடியில் தங்குவது குறையும். மூடியைக் கொஞ்சம் திறந்து ஆவி போக விடுங்கள், இல்லாவிட்டால் நமத்துவிடும். மேலே இட்லிப் பொடியும் இரண்டு சொட்டு நெய்யும்; தியேட்டரில் கொடுக்கிற காசுக்கு மாசம் முழுக்கச் சாப்பிடலாம்.

மாவு வாங்கும்போது உஷார். கார்ன்ஃப்ளார் என்று வெள்ளையாக, விரலில் கிறீச்சிடுவது வெறும் மாவுச்சத்து. மக்காச்சோள மாவு மஞ்சளாக இருக்கும். சோள மாவு என்று மட்டும் போட்டிருந்தால் அது மக்காச்சோளமே அல்லாத வெள்ளைச் சோளமாகவும் (ஜோவார்) இருக்கலாம், பொருள் பட்டியலைப் படியுங்கள். ரொட்டிக்கு மஞ்சள் மாவு. கோதுமையில் உள்ள பசைத்தன்மை இதில் இல்லை, கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கரண்டியால் கிளறி, கை பொறுக்கிற சூட்டில் அழுத்திப் பிசைந்து, வாழையிலையில் வைத்துத் தட்டுங்கள். உருட்டக் குழவியை எடுக்காதீர்கள்.

வெள்ளைக் கார்ன்ஃப்ளாரில் பாம்பே அல்வா. அரை கப் மாவை ஒன்றரை கப் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து வைத்து, ஒன்றேகால் கப் சர்க்கரையை முக்கால் கப் தண்ணீரில் கொதிக்க விட்டு அதில் ஊற்றிக் கிளறுங்கள். கெட்டியானதும் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, பிறகு நெய் கொஞ்சம் கொஞ்சமாக நாலு மேசைக்கரண்டி. வெள்ளையாக இருந்தது கண்ணாடி மாதிரி ஆகி, ஓரத்தில் நெய் விட ஆரம்பித்ததும் முந்திரியும் ஏலக்காயும் போட்டுத் தட்டில் கொட்டுங்கள்.

அதே டப்பாதான் காட்டன் புடவைக்குக் கஞ்சியும். இரண்டு மேசைக்கரண்டி மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, ஒரு லிட்டர் கொதிநீரில் ஊற்றிக் கண்ணாடிப் பதம் வரும்வரை கிளறி, அரை பக்கெட் தண்ணீரில் கலந்து, புடவையை முக்கிப் பிழிந்து உதறிக் காயப் போடுங்கள். சட்டையில் எண்ணெய் சிந்தினால் உடனே மாவைக் கொட்டி அரை மணி நேரம் விட்டுத் தட்டிவிட்டுத் துவையுங்கள், கறை முழுக்கப் போகாவிட்டாலும் பாதி எண்ணெயை அது குடித்துவிடும். லீவில் பிள்ளைகள் நச்சரித்தால் இரண்டு பங்கு மாவில் ஒரு பங்கு தண்ணீர் கலந்து கொடுங்கள்: குத்தினால் கெட்டி, மெதுவாக விரலை விட்டால் உள்ளே போகும். விளையாடி முடித்ததும் சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும்.

பச்சை மேல்தோலில் பூரணக் கொழுக்கட்டையை மடித்து ஆவியில் வேக வைக்கலாம், மெக்சிகோக்காரர்கள் காய்ந்த தோலை ஊற வைத்து இப்படித்தான் மாவைக் கட்டி அவிக்கிறார்கள். 2018-இல் படைப்புழு வந்ததிலிருந்து வயலில் மருந்து அடிப்பது அதிகம், அதனால் வெளித்தோல் நாலைந்தைக் கழித்துவிட்டு உள்தோலை மட்டும் கழுவி எடுங்கள். சோள முடியில் டீ போடுவது இப்போது ஓடுகிற பழக்கம். எங்கே விளைந்தது என்று தெரியாத கதிரின் முடியில் நான் போட மாட்டேன்.

தெரிந்தே விளைவிக்க மொட்டை மாடி போதும். ஆனால் ஒரே வரிசையில் பத்துப் பை வைக்காதீர்கள், நாலுக்கு நாலு என்று சதுரமாக வையுங்கள். மகரந்தம் உச்சிக் கதிரிலிருந்து காற்றில் பறந்து முடியில் விழ வேண்டும், ஒவ்வொரு முடி இழைக்கும் ஒரு மணி. இழை விட்டுப்போனால் அந்த இடம் பொக்கையாகத்தான் இருக்கும். பூத்த நாட்களில் காலையில் உச்சியை லேசாக ஆட்டி, கொட்டுகிற தூளை முடியில் தூவிவிடுங்கள். கடையில் வாங்கிய ஒட்டுரகக் கதிரின் மணியை விதைக்காக எடுத்து வைக்க வேண்டாம், தாயைப் போல வராது. விதை தனியாக வாங்குங்கள். முடி வந்து மூன்று வாரம் கழிந்ததும் நகத்தால் கீறிப் பார்க்கத் தொடங்குங்கள், பால் வந்தால் அன்றைக்கே பறியுங்கள், பறிக்கப் போகும் முன்பே அடுப்பில் தண்ணீரை வைத்துவிடுங்கள்.