காய்ச்சல் விட்ட பிறகும் தூக்கம் வரவில்லையா?

ஃப்ளூ, கோவிட் மாதிரியான வைரஸ் காய்ச்சலில் முதல் சில நாட்கள் எந்நேரமும் படுத்திருக்கவே தோன்றும். நோய் எதிர்ப்பு அணுக்கள் சுரக்கும் சைட்டோகைன்கள் என்ற வேதிப்பொருட்கள் அந்த அசதிக்கு முக்கியக் காரணம். சிக்கல் அப்புறம்தான். காய்ச்சல் விட்டிருக்கும், ஆனால் படுத்தவுடன் இருமல் கிளம்பும். மூக்கின் பின்பக்கமாகச் சளி தொண்டைக்குள் வடிவதால் பெரும்பாலும் இப்படி ஆகிறது. தலையோடு தோளையும் சேர்த்து உயர்த்திப் படுத்தால் குறையும். தலைக்கு மட்டும் தலையணைகளை அடுக்கினால் கழுத்து வலிதான் மிச்சம். இந்த இருமல் 3 முதல் 8 வாரம் வரைகூட நீடிக்கலாம்.

பலரும் கவனிக்காதது மாத்திரையை. மூக்கடைப்புக்கான சூடோஎபெட்ரின் கலந்த மருந்தை மாலையில் போட்டால் சிலருக்கு ராத்தூக்கமே போய்விடும். லேபிளைப் படித்துவிட்டுப் போடுங்கள். மூக்கடைப்புக்கு மூக்கில் அடிக்கும் ஆக்ஸிமெட்டாசோலின் ஸ்பிரேயையும் சில நாட்களுக்கு மேல் அடிக்க வேண்டாம், அடைப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பும்.

சரி, பகல் தூக்கம்? காய்ச்சல் இருக்கும்வரை தாராளமாகத் தூங்கலாம். தேறி வரும்போது மதியம் 3 மணிக்குள் அரை மணி நேரம் போதும். மூச்சு வாங்கினாலோ விட்ட காய்ச்சல் திரும்பினாலோ டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.