மலையூரில் விருந்தினர் இல்லம்: ஊரோடு சேர்ந்து தொடங்கி நடத்தும் முறை

மலைக்கிராமம் ஒன்றில் ஓய்வில்லம் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் இடம்தான் பார்க்கிறார்கள். பள்ளத்தாக்கு நன்றாகத் தெரியும் ஒரு மேட்டைத் தேர்ந்தெடுத்து, அதில் எத்தனை அறைகள் கட்டலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். இந்த வரிசையே தவறு என்பது என் உறுதியான எண்ணம். அந்த ஊர் தன் மிகக் கடினமான மாதத்தில் கூடுதலாக எத்தனை பேரைத் தாங்கும் என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அறையும் முதலீடும் கட்டணமும் அந்த எண் கிடைத்த பிறகு பேச வேண்டியவை.

மலைமக்களுக்கு இது புதிய சிந்தனை அன்று. சுவிட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மலைச்சரிவில் உள்ள டோர்பெல் என்ற ஊரில் 1517-ஆம் ஆண்டிலேயே ஒரு விதி இருந்தது. குளிர்காலம் முழுவதும் தீவனம் போட்டுக் காப்பாற்றக்கூடிய மாடுகளுக்கு மேல் ஒரு மாட்டைக்கூட, கோடையில் எவரும் பொது மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டக்கூடாது என்பதே அந்த விதி. பொதுவளங்களை மக்கள் தாமாகவே நெடுங்காலம் காத்து நடத்த முடியும் என்று காட்டியதற்காக 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினர் ஆஸ்ட்ரம் தம் ஆய்வில் எடுத்துக்காட்டிய ஊர்களில் டோர்பெலும் ஒன்று. தாராளமான பருவத்தை வைத்து அளவு குறிக்காமல், இறுக்கமான பருவத்தை வைத்துக் குறித்ததுதான் அந்த விதியின் வலிமை. விருந்தினர் எண்ணிக்கைக்கும் அதே விதியைப் பயன்படுத்தலாம்.

ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும்

திட்ட அறிக்கையை எழுதி முடித்துவிட்டு ஊர்க்கூட்டத்துக்குப் போனால், மக்களுக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. வெறும் கேள்விகளோடு போக வேண்டும். விருந்தினர் வருவதில் விருப்பம் உண்டா, எந்த மாதங்களில் வரலாம், எந்த மாதங்களில் வரவே கூடாது, எந்த இடங்களுக்கு அவர்களை அழைத்துச் செல்லக்கூடாது, எந்தச் சடங்குகளை வெளியார் பார்ப்பதில் தடையில்லை என்பவற்றை ஊரே சொல்ல வேண்டும். பெரியவர்கள் பேசும் கூட்டத்தில் பெண்களும் இளைஞர்களும் வாய் திறக்காத ஊர்கள் பல உண்டு. ஆகவே அவர்களைத் தனியாகச் சந்தித்துக் கேட்பது அவசியம். சமையலும் படுக்கை விரிப்பும் துவைப்பும் பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழும் என்பதால், அவர்கள் சம்மதிக்காத திட்டம் இரண்டாம் ஆண்டைத் தாண்டுவது கடினம்.

நிலத்தைப் பற்றிய முடிவையும் இந்தக் கட்டத்திலேயே எடுத்துவிட வேண்டும். கூப்பிய கைகள்போல் செங்குத்தாக உயர்ந்த புல் கூரை வீடுகளுக்குப் பெயர் பெற்ற ஜப்பானின் ஷிரகாவா-கோ ஊர்மக்கள், 1971-இல் தங்கள் வீடுகளையும் நிலத்தையும் விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று மூன்று உறுதிகளை எடுத்துக்கொண்டார்கள். 1995-இல் யுனெஸ்கோ அவ்வூரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிப்பதற்கு முன்பே, அதைக் காத்து நின்றது அந்த ஒப்பந்தம்தான். எல்லா ஊர்களும் இவ்வளவு கண்டிப்பாக இருக்க வேண்டியதில்லை. ஆயினும் விற்பனை கூடாது, குத்தகை மட்டுமே, அதுவும் காலவரையறையோடு, முடிந்ததும் சீரமைத்த வீடு உரிமையாளருக்கே திரும்ப வேண்டும் என்ற அளவிலாவது எழுத்தில் இருக்க வேண்டும். முதலீடு செய்பவர் வெளியாராக இருந்தால் இதில் எந்தத் தளர்வும் வேண்டாம்.

தண்ணீர்க் கணக்கு

மலையூரின் தண்ணீர் பெரும்பாலும் ஊற்றிலிருந்து வருகிறது. மழைக்காலத்தில் பொங்கி வழியும் ஊற்று, கடுங்கோடையில் நூலாக இறங்கும். அளக்க வேண்டியது அந்த நாட்களில்தான். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். அளவு தெரிந்த ஒரு வாளியும் நொடி காட்டும் கடிகாரமும் போதும். ஊற்றுநீர் முழுவதும் ஒரே குழாய் வழியாக விழும்படி செய்து, வாளி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று மூன்று முறை பார்த்து, சராசரியை எழுதிக்கொள்ள வேண்டும். வறண்ட மாதங்களில் வாரம் ஒருமுறை இப்படி அளந்தால், ஆண்டின் மிகக் குறைந்த வரத்து எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, 20 லிட்டர் வாளி நிரம்ப 80 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 15 லிட்டர். ஒரு நாளைக்கு 21,600 லிட்டர். ஊரில் 120 பேர் இருந்து, ஆளுக்கு 100 லிட்டர் என்றால் 12,000 லிட்டர் போய்விடும். 60 மாடுகளுக்குத் தலைக்கு 50 லிட்டர் வீதம் 3,000 லிட்டர் வேண்டும். மீதம் 6,600 லிட்டர். இதில் பாதியை மழை தவறும் ஆண்டுக்கும் தீயணைப்புக்கும் தோட்டத்துக்கும் ஒதுக்கிவிட வேண்டும். எஞ்சும் 3,300 லிட்டரில், குளியலும் துணி துவைப்பும் சேர்த்து ஒரு விருந்தினருக்கு 150 லிட்டர் என்று கொண்டால், ஒரே நேரத்தில் 22 பேர் தங்கலாம். அந்த ஊரின் எல்லை 22. மழைக்காலத்தில் இரண்டு மடங்கு கொள்ளுமே என்று எவரேனும் சொன்னாலும் படுக்கைகளை 22-க்கு மேல் கூட்டக்கூடாது. ஏனெனில் போட்ட படுக்கையைக் கோடையில் காலியாக வைத்திருக்கக் கடனும் வட்டியும் விடாது.

வரத்தைப் பெருக்கவும் வழி உண்டு. சிக்கிம் மாநிலத்தில் 2008-இல் தொடங்கிய தாரா விகாஸ் திட்டத்தில், ஊற்றுகளுக்கு மேலே உள்ள சரிவுகளில் குழிகளும் அகழிகளும் வெட்டி, ஓடிப்போகும் மழைநீரை நிலத்துக்குள் இறக்கினார்கள். ஊற்றுக்கு நீர் வந்து சேரும் பாதை பாறை அடுக்குகளின் சாய்வைப் பொறுத்தது; சில இடங்களில் மலையின் மறுபக்கத்தில் விழும் மழைகூட இந்தப் பக்கத்து ஊற்றாக வெளிப்படும். ஆகவே நிலவியல் தெரிந்த ஒருவரிடம் காட்டி இடம் குறித்த பிறகே மண்வெட்டியை எடுக்க வேண்டும்.

வெறுமையாகக் கிடக்கும் வீடுகள்

பிழைப்புத் தேடி மக்கள் இறங்கிப் போன மலையூர்களில் பூட்டிய வீடுகள் பல இருக்கும். புதிதாகக் கட்டுவதைவிட அவற்றைச் சீராக்கிப் பயன்படுத்துவதே எனக்குச் சரியாகப் படுகிறது. இத்தாலியின் ஃபிரியூலி பகுதியில் 1976-இல் ஏற்பட்ட நிலநடுக்கத்துக்குப் பிறகு, கார்னியா மலைப்பகுதியில் சீரமைத்த வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. அவற்றை என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்துதான் 1980-களில் ஆல்பெர்கோ டிஃப்யூசோ என்ற முறை உருவானது. அதற்கு வடிவம் கொடுத்தவர் ஜியான்கார்லோ டல்லாரா. இம்முறையில் அறைகள் ஊரின் பல வீடுகளில் பிரிந்திருக்கும். வரவேற்பும் உணவுக்கூடமும் நடந்து போகும் தூரத்தில் ஓர் இடத்தில் இருக்கும். விருந்தினர் ஊரின் தெருவிலேயே நடமாடுவதால், அண்டை அயலாரோடு பழக்கம் தானாக ஏற்படும். ஊருக்குள் மதில் எழுப்பிய தனித் தீவு ஒன்று உருவாவதில்லை.

பழைய வீட்டைச் சீரமைக்கும்போது முதலில் செய்ய வேண்டியது கூரையைச் சரிசெய்வதும், சுவரடியில் தேங்கும் நீரை வாய்க்கால் வெட்டி விலக்குவதும்தான். அதற்கு அடுத்து சுவர். கல்லும் மண்ணும் சேர்த்துக் கட்டிய சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும் தன்மை கொண்டது. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, சில ஆண்டுகளில் அடிப்பகுதி உப்புப் பூத்து உதிரும், பூச்சு பெயர்ந்து பலகையாக விழும். சுண்ணாம்புக் காரையும் மண்பூச்சும் இத்தகைய சுவருக்குப் பொருந்தும். அந்த வேலை தெரிந்த கொத்தனார் ஊரில் ஒருவராவது உயிரோடு இருக்கும்போதே இரண்டு இளைஞர்களை அவரிடம் சேர்த்துவிட வேண்டும். திட்டச் செலவில் அவர்களுடைய கூலியையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மரபு முறையில் கட்டியது வலுவற்றது என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம். மரச்சட்டங்களுக்கு இடையே சிறு கற்களையும் மண்ணையும் நிரப்பிக் கட்டும் தஜ்ஜி தீவாரி வீடுகள், 2005 காஷ்மீர் நிலநடுக்கத்தைப் பல இடங்களில் தாங்கி நின்றன. பாகிஸ்தான் பகுதியில் நடந்த மறுகட்டுமானத்தில் அரசே அந்த முறையை ஏற்றுக்கொண்டது. இமாசலப் பிரதேசத்தின் காத்-குனி வீடுகளிலும் மரமும் கல்லும் மாறிமாறி அடுக்கப்படுவதால் சுவர் அசைவைத் தாங்கும். ஆயினும் எந்த வீட்டையும் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் விருந்தினருக்குத் திறக்கக்கூடாது. நிலச்சரிவுத் தடம் உள்ள சரிவிலும் ஓடைக்கரையிலும் உள்ள வீடுகளை எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிட வேண்டும்.

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும் என்பதால், குளிருக்கு ஏற்பாடு வேண்டும். கூரை வழியாக வெப்பம் பெருமளவு வெளியேறும். மச்சின்மேல் கம்பளி மயிர், வைக்கோல், மரத்தூள் போன்ற அங்கேயே கிடைக்கும் பொருள்களைக் கெட்டியாகப் பரப்பி, கதவு சன்னல் இடுக்குகளை அடைத்துவிட்டு, அதன் பிறகே அடுப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். விறகு பொதுக்காட்டிலிருந்து வருவதானால் அதற்கும் தண்ணீருக்குப் போட்டது போன்ற ஒரு கணக்கு வேண்டும். நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் 1986-இல் தொடங்கிய பாதுகாப்புத் திட்டம், மலையேற்றப் பயணிகளுக்காகக் காடு வெட்டப்படுவதைக் குறைக்க, மேல்பகுதி விடுதிகளில் விறகுக்குப் பதிலாக மண்ணெண்ணெயைக் கொண்டுவந்தது.

கழிவு

நீரூற்றிக் கழுவும் கழிப்பறை மலையூருக்கு இரட்டைச் சுமை. இருக்கும் நீரையும் தீர்க்கும், கீழே உள்ள ஊற்றையும் கெடுக்கும். லடாக் வீடுகளில் வழிவழியாக இருக்கும் உலர் கழிப்பறை நல்ல முன்மாதிரி: மேலே துளை, கீழே அறை, ஒவ்வொரு முறையும் மண்ணும் சாம்பலும் தூவுதல். இரண்டு அறைகள் கட்டி ஒன்று நிரம்பியதும் மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்த வேண்டும். குளிர் இடங்களில் கழிவு மெதுவாகவே மட்கும். வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இருக்கும் இடத்தில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் மூடி வைத்த பிறகே வயலுக்கு எடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். குளித்த நீரை நாணல் நட்ட பாத்தி வழியாகத் தோட்டத்துக்கு விடலாம். மட்காத குப்பையை விருந்தினர் வந்த வழியே எடுத்துச் செல்ல வேண்டும் என்று முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள்.

பணம்

ஊர்கள் பிளவுபடுவது பெரும்பாலும் இங்கேதான். சாலையோரத்து வீட்டுக்கு விருந்தினர் குவிந்து மேட்டு வீடு காலியாக இருந்தால், அடுத்த ஆண்டே விலைக்குறைப்புப் போட்டி தொடங்கிவிடும். இதைத் தவிர்க்க இரண்டு ஏற்பாடுகள் போதும். முதலாவது, முறை வைப்பது: வருகிற விருந்தினர் பட்டியல் வரிசைப்படி அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும், லடாக்கின் இமயமலை ஹோம்ஸ்டே வீடுகள் இப்படித்தான் நடக்கின்றன. இரண்டாவது, ஒரே விலைப்பட்டியல்: அன்னபூர்ணா வழித்தடத்தில் விடுதிக் குழுக்கள் அறைக்கும் உணவுக்கும் பொது விலை குறிப்பது பல ஆண்டு வழக்கம்.

வருமானத்தில் ஒரு பங்கு, செலவு கழிப்பதற்கு முன்பே, ஊர்ப் பொது நிதிக்குப் போக வேண்டும். லாபத்தில் பங்கு என்று எழுதினால் லாபமே வராத ஆண்டுகள் பெருகிவிடும். விருந்தினர் இல்லம் நடத்தாத குடும்பங்களும் அதே ஊற்றையும் அதே பாதையையும் பகிர்ந்துகொள்பவர்கள். பாதை செப்பனிடுதல், ஊற்றுப் பராமரிப்பு, பள்ளிக்கூடம் என்று பொது நிதி செலவாகும்போது அவர்களுக்கும் பயன் சேரும். மாதக் கணக்கை எழுதி எல்லோரும் படிக்கும் இடத்தில் ஒட்டுங்கள். சமைப்பவருக்கான தொகை அவர் பெயரில் உள்ள கணக்குக்கே நேராகப் போகட்டும்.

விருந்தினர் வந்த பிறகு

உணவு ஊர் வயலில் விளைவதைப் பின்பற்ற வேண்டும். பருவத்தில் இல்லாததை நகரத்திலிருந்து ஏற்றி வந்து பரிமாறினால் லாரிக்காரருக்குத்தான் வருமானம். 3,000 மீட்டர் உயரத்தில் நீர் ஏறத்தாழ 90 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பும் தானியமும் வேக நெடுநேரம் ஆகும். பிரஷர் குக்கர் எரிபொருளை மிச்சப்படுத்தும். 2,500 மீட்டருக்கு மேல் உள்ள ஊரானால், வருபவர்கள் முதல் நாள் ஓய்வெடுக்க வேண்டும் என்பதையும், தலைவலியும் வாந்தியும் தணியாமல் கூடினால் உடனே கீழே இறங்க வேண்டும் என்பதையும் வீட்டுக்காரர்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஊரின் வழக்கங்களை நிகழ்ச்சியாக மாற்றுவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். திருவிழா அதன் நாளில் நடக்கட்டும். அன்று தங்கியிருப்பவர்கள், ஊர் அழைத்தால் கலந்துகொள்ளட்டும். நெசவோ தச்சோ கதை சொல்லுதலோ கற்றுத்தரும் பெரியவருக்கு நேரத்துக்கேற்ற ஊதியம் தர வேண்டும். ஷிரகாவா-கோவில் கூரை மாற்றும் வேலையை ஊரார் ஒருவருக்கொருவர் கைமாற்றாகச் செய்யும் யுய் என்ற வழக்கம் உண்டு. அத்தகைய கூட்டு வேலை உங்கள் ஊரில் இருந்தால், விருந்தினரில் விரும்பியவர்கள் அதில் கைகொடுக்கலாம். ஆனால் வேலை அவர்களுடைய விடுமுறைத் தேதிக்காகக் காத்திருக்கக்கூடாது.

முதல் ஆண்டில் கணக்கிட்ட எல்லையின் பாதி அளவுக்கே முன்பதிவு வாங்குங்கள். ஆண்டு முடிந்ததும், கோடையின் அதே வாரத்தில் அதே வாளியால் ஊற்றை மீண்டும் அளந்து, ஊர்க்கூட்டத்தில் வைக்க வேண்டும். வரத்து குறைந்திருந்தால் படுக்கை எண்ணிக்கையும் குறையும். வறட்சி கடுமையாக இருந்தால் அந்தப் பருவத்துக்கு இல்லத்தை மூடிவிட ஊர்க்குழுவுக்கு அதிகாரம் இருக்க வேண்டும். அப்படி மூட நேர்ந்தால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும் என்ற வரியை முன்பதிவுச் சீட்டிலேயே அச்சிட்டு, அதற்கு வேண்டிய தொகையைப் பொது நிதியில் தொடாமல் வைத்திருங்கள்.