உடலைச் சொல்லும் சொற்கள்: முதலில் எழுந்து நில்லுங்கள்

பிசியோதெரபி மாணவர்களை முதல் நாள் நான் புத்தகம் திறக்கச் சொல்வதில்லை. எழுந்து நிற்கச் சொல்வேன். நேராக நில்லுங்கள், கைகள் பக்கவாட்டில், உள்ளங்கை முன்னோக்கி. எல்லாச் சொல்லுக்கும் இந்த நிலைதான் தொடக்கம். இடம், வலம் எப்போதும் நோயாளியுடையது, பார்ப்பவருடையது அல்ல. இதில் மட்டும் தயவுசெய்து தவறாதீர்கள்.

முழங்கையை மடக்கினால் ஃப்ளெக்ஷன், நீட்டினால் எக்ஸ்டென்ஷன். கையை உடலைவிட்டு விலக்கினால் அப்டக்ஷன், திரும்பச் சேர்த்தால் அடக்ஷன். மணிக்கட்டிலிருந்து பார்த்தால் முழங்கை பிராக்ஸிமல், அதாவது உடலின் நடுப்பகுதிக்கு அருகில்; விரல் நுனி டிஸ்டல், அதாவது தொலைவில். சரி, அப்புறம் எனக்கு மிகவும் பிடித்தது. முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டுங்கள். மறு கையால் மணிக்கட்டுக்குச் சற்று மேலே பிடியுங்கள். உள்ளங்கை மேலே பார்த்தால் சுபினேஷன். மெதுவாகக் கீழே திருப்புங்கள், அது புரோனேஷன். முன்கையின் இரண்டு எலும்புகளில் கட்டைவிரல் பக்க எலும்பு மற்றதன் குறுக்கே உருண்டு போவது பிடித்திருக்கும் விரல்களுக்கே தெரியும்.