மதங்களை ஒப்பிடும்போது தடுக்கி விழும் இடங்கள்

கல்லூரியில் மத ஒப்பியல் பாடம் எடுத்து இருபது வருடம் ஆகப்போகிறது. புதிதாக வரும் மாணவர்கள் வருடா வருடம் அதே அட்டவணையோடுதான் வருகிறார்கள்: நிறுவனர், புனித நூல், வழிபாட்டிடம், பண்டிகை. நானும் அதே கட்டம் போட்டவன்தான். பெயர், ஆண்டுப் பிழைகளை விடுங்கள். புத்தகத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

இயேசுவுக்கு நேராக நபி, பைபிளுக்கு நேராகக் குர்ஆன்

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். என் ஆய்வேட்டை இப்படித்தான் எழுதி, ஒரு பள்ளிவாசல் இமாமிடம் காட்டினேன். "தம்பி, நபி எங்களுக்குத் தூதர். நாங்கள் அவரை வணங்குவதில்லையே" என்றார். அந்த ஒரு கட்டத்தை நம்பி எழுதிய அறுபது பக்கமும் வீண்.

கிறித்தவத்தில் கடவுளின் வார்த்தை மனிதராகவே வந்தது, அவர்தான் இயேசு. இஸ்லாத்தில் அந்த வார்த்தை குர்ஆனாக இறங்கியது, 610 தொடங்கி ஏறத்தாழ 23 ஆண்டுகள். ஆகவே இயேசுவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது குர்ஆனை. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்று ஆள் பெயரோடு வரும் நற்செய்திகளுக்கு, நபியின் சொல்லையும் செயலையும் பதிந்த ஹதீஸ்தான் ஓரளவு நெருக்கம்.

நம் ஊரிலேயே பார்க்கலாம். 1715இல் தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாடு தொடங்கி, தமிழ் பைபிள் கிறித்தவர்களுக்கு வேதமேதான். தமிழ்க் குர்ஆனை முஸ்லிம்கள் 'தர்ஜமா', அதாவது மொழிபெயர்ப்பு, என்பார்கள். தொழுகையில் ஓதுவது அரபு மூலத்தை.

சீக்கியரிடம் போனால் கட்டம் இன்னும் உடையும். அமிர்தசரஸ் பொற்கோயிலில் ஓர் இரவு நின்று பார்த்தேன். குரு கிரந்த சாகிபைத் துணியில் சுற்றி, பல்லக்கில் ஏற்றி, உறங்க வைக்கக் கொண்டுபோனார்கள். 1708 முதல் அவர்களுக்குக் குருவே அதுதான். 'புனித நூல்' என்ற கட்டத்தில் அதை எப்படி அடைப்பது?

பௌத்தத்தின் கடவுள் யார்?

உலகைப் படைத்தவர் என்று ஒருவரை வைத்துப் புத்தர் போதிக்கவில்லை. கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

யூதரிடம் 'பழைய ஏற்பாடு' என்பது

புதியதை ஏற்காதவருக்குப் பழையது ஏது? தங்கள் வேதத்தை யூதர் அழைக்கும் பெயரிலேயே, தனாக் என்று சொல்லுங்கள்.

'எல்லாம் ஒன்றுதான்' என்று முடிப்பது

நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் இயேசு சிலுவையில் மரித்தார் என்பது கிறித்தவத்தின் உயிர்நாடி. அவரைச் சிலுவையில் அறையவில்லை என்கிறது குர்ஆனின் நான்காம் அத்தியாயம். இரண்டையும் ஒன்றாக்கினால் இருவர் சொல்வதையும் காதில் வாங்கவில்லை என்று அர்த்தம். அதனால்தான் மாணவர்களைத் திருப்பி அனுப்புகிறேன்: எழுதியதை அந்த மதத்தவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டிவிட்டு வாருங்கள், அப்புறம் மதிப்பெண் போடலாம்.