பிடிஓ வீட்டுக்கு பிளான் போடும்போது செய்யக்கூடாதவை

சிங்கப்பூரில் தெங்கா பக்கம் புது பிடிஓ புளோக்குகளுக்கு, அதாவது முன்பதிவு செய்தவர்களுக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டித் தரும் அடுக்குமாடிகளுக்கு, சாவி கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து வாரக் கடைசியில் ஓய்வே இல்லை. கையில் வீவக பிளானும் கைப்பேசி நிறைய படங்களுமாக யாராவது ஒரு தம்பதி எதிரில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். படங்கள்தான் வேறு வேறு. தவறெல்லாம் பழைய தவறுதான். வீட்டு உள்வடிவமைப்பு வேலைக்கு வந்த புதிதில் நானே பென்சிலால் போட்டுக் கொடுத்தவையும் அதில் உண்டு.

பிளக் பாயின்ட் போதவில்லை, விளக்கின் நிறம் சரியில்லை, டிவி உயரமாகப் போய்விட்டது என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதற்கு வேண்டிய மட்டும் வீடியோ இருக்கிறது. பிளான் தாளிலேயே நடந்துவிட்டு, பிறகு காசைக் கொட்டினாலும் முழுசாகச் சரியாகாத சங்கதிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது படுக்கையறையை உடைப்பது

இதைப் பேச எடுத்தாலே எனக்கு எரிச்சல் வரும். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய பிடிஓ நாலறை வீடு (மூன்று படுக்கையறை, ஒரு ஹால்) ஏறத்தாழ 90 சதுர மீட்டர். 1980களில் கட்டிய நாலறை வீடுகள் பலவும் 100ஐத் தாண்டும். அப்பா அம்மாவோடு ஈசூனிலோ பிடோக்கிலோ அந்தக் காலத்து வீட்டில் ஓடி விளையாடி வளர்ந்தவர்களுக்குப் புது வீட்டு ஹால் சின்னதாகத்தான் தெரியும். உடனே எல்லோர் கையும் ஹாலை ஒட்டியிருக்கிற படுக்கையறைச் சுவரைத்தான் காட்டும். "அண்ணே, அதை உடைச்சிட்டா ஹால் பெருசாயிடும்ல? இப்போதைக்கு நாங்க ரெண்டு பேர்தானே."

ரெண்டு பேராகவே எத்தனை நாளைக்கு இருக்கப் போகிறார்கள் என்பதை மட்டும் அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். வீவக வீட்டை வாங்கினால் 5 ஆண்டு குடியிருந்தாக வேண்டும். 2024 அக்டோபரில் வந்த புது வகைப்பாட்டில், நல்ல இடங்களில் இருக்கிற பிளஸ், பிரைம் வீடுகளுக்கு அது 10 ஆண்டு. அதுவரை விற்க முடியாது, மொத்த வீட்டையும் வாடகைக்கு விட்டுவிட்டு வேறு இடம் பார்க்கவும் முடியாது. ஆக, அந்தக் காலம் முழுவதும் அந்தக் கூரையின் கீழ் யார் யார் படுக்கப் போகிறார்கள் என்பதற்குத்தான் பிளான் போட வேண்டும். சாவி வாங்கிய மாதத்துக்கு அல்ல.

செங்காங்கில் ஒரு வீடு. கணவன் மனைவி இருவருக்கும் அலுவலக வேலை. நான் அங்கே போவதற்கு முன்னமே வேறொரு நிறுவனம் மூன்றாவது அறையைத் தரைமட்டமாக்கி முடித்திருந்தது. அவர்கள் காட்டிய 3டி படத்தை நானும் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. நீளமான ஹால், நீளமான டிவி கன்சோல், ஓரமாக ஒரு படிக்கும் மேசை. ஆனால் அந்தப் படத்தில் ஒரு ஆள் கிடையாது, ஒரு துணிக்கூடை கிடையாது.

அடுத்த வருடம் குழந்தை பிறந்தது. ஈப்போவிலிருந்து மனைவியின் அம்மா வந்தார். இவர்கள் வேலைக்குத் திரும்புகிற நேரம் பணிப்பெண்ணும் வந்தார். இரண்டு படுக்கையறையில் இத்தனை பேரை எப்படி அடைப்பது? அம்மாவும் குழந்தையும் ஒரு அறையில். பணிப்பெண் ஹாலில், சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் ஒரு மெத்தையில். பணிப்பெண்ணுக்குப் போதிய இடமும் மறைவும் கொடுக்க வேண்டும் என்று மனிதவள அமைச்சு சொல்லியிருக்கிறது. அமைச்சு சொல்லாவிட்டாலும், ராத்திரி ஐயா தண்ணீர் குடிக்க எழுந்து வருகிற வழியில் ஒரு பெண்ணைப் படுக்க வைப்பது நியாயமா?

"சுவரைத் திரும்பக் கட்டணும், அண்ணே" என்று அதன் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

கட்டுவது பெரிய காரியமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். சுவர் மட்டுமென்றால் உண்மையிலேயே பெரிய காரியமில்லைதான். ஆனால் அந்தச் சுவரை நம்பி இருந்தவை எத்தனையோ. பழைய சுவர் நின்ற இடத்தில் தரை ஓடு கிடையாது. உடைத்தபோது அந்தப் பட்டையை மறைக்க ஹால் முழுக்க வினைல் ஒட்டியிருந்தார்கள். புதுச் சுவரை வினைல் மேல் நிறுத்த முடியாது, அதைக் கிழித்தாக வேண்டும். விளக்குகளை நீள ஹாலின் நடுவே வருமாறு பொய்க்கூரையில் பதித்திருந்தார்கள். சுவர் வந்தால் ஒரு விளக்கு சரியாகச் சுவருக்குள் போகும். அறையின் சுவிட்ச் உடைத்த சுவரோடு போய்விட்டது. குளிரூட்டியும் அப்படித்தான், அந்த அறைக்கான பெட்டியை வேண்டாமென்று முதலிலேயே விட்டுவிட்டார்கள், இப்போது குழாயும் அதை மூடுகிற டிரங்கிங்கும் புதிதாக இழுக்க வேண்டும். டிவி கன்சோல் இரண்டு பக்கமும் சேர்ந்த ஒரே நீளம். அதை அறுத்தோம். அறுத்த முனையில் மேல் பூச்சுக்கு உள்ளே சிப்போர்டு பிஸ்கட் நிறத்தில் தெரிந்தது. அதன் மேல் ஒட்ட அதே லாமினேட் தேடினால் அந்த எண் நின்றுபோயிருந்தது. பக்கத்து நிறம் ஒன்றை ஒட்டினோம். இன்றைக்கும் பார்த்தால் தெரியும்.

உடைக்க ஒரு காசு. உடைத்த கல்லை அள்ளிக்கொண்டு போக ஒரு காசு. உடைத்ததை மறைக்க ஒரு காசு. மறைத்ததைப் பிய்க்க ஒரு காசு. அதற்கு மேல் கட்ட ஒரு காசு. கூட்டிப் பார்த்தால் சில ஆயிரம் வெள்ளி, அது ஒரு ஹால் விசாலமாகத் தெரிந்த ஒன்றரை வருடத்துக்கு.

நாங்கள் வேலை செய்துகொண்டிருந்தபோது அந்த அம்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவர் எழும்புவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "ஏன் தம்பி, இங்க முன்னாடியே ரூம் இருந்துச்சாமே?" என்று கேட்டார். மருமகன் அந்தப் பக்கம் திரும்பிக் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கண்ணாடித் தடுப்பு போட்டால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. குழந்தை தூங்கும்போது டிவி சத்தம் கேட்கும், டிவி பார்க்கும்போது குழந்தை அழுகிற சத்தம் கேட்கும். திரை போட்டாலும் அது அறை ஆகாது. படிக்கும் இடத்துக்குச் சரி, அம்மா அப்பா தங்குகிற அறைக்குச் சரிப்படாது.

நான் சொல்வது ஒன்றுதான். அந்த அறையை முதல் ஒரு வருடம் அப்படியே விடுங்கள். ஒரு மேசை, மடக்குக் கட்டில் போடுங்கள். ஹால் சின்னதாகத் தெரிகிறதென்றால் அந்த எல் வடிவ சோபாவை வாங்காதீர்கள், பாதிப் பிரச்சினை அதுதான். ஒரு வருடம் கழித்தும் அறை சும்மாவே கிடந்தால் அப்போது அனுமதி வாங்கி உடைக்கலாம், சுவர் எங்கும் ஓடிப்போகாது. பிள்ளைகள் வளர்ந்து தனி வீடு போய்விட்டார்கள், இனி நாங்கள் இருவர்தான் என்கிற வயதில் வருபவர்களுக்கு நானே உடைத்துக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் கணக்கு வேறு.

உடைப்பதென்று முடிவெடுத்தாலும் அது உடைக்கக்கூடிய சுவர்தானா என்று முதலில் பாருங்கள். கட்டடத்தைத் தாங்கும் சுவரில் கை வைக்க முடியாது. அறை அறையாகத் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து அடுக்கிய புளோக்குகளில் உள்சுவர்களே பாரம் தாங்குபவையாக இருக்கும். வீவகவில் பதிவு பெற்ற சீரமைப்புக் குத்தகைக்காரர்தான் செய்ய வேண்டும், அனுமதிச் சீட்டு வர வேண்டும், உடைக்கும் வேலை திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 முதல் மாலை 5 வரைதான். சனிக்கிழமை சத்தமில்லாமல் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரை அப்படியே அனுப்பிவிடுங்கள்.

கிராஃபர்ட் ஹைட்ஸில் 2024இல் அறைகளுக்கு நடுவே தடுப்புச் சுவர் இல்லாத 'ஒயிட் பிளாட்' வீடுகளை வீவக சோதனையாக விற்பனைக்கு விட்டது. அதை எடுத்தவர்களுக்கு இந்தக் கேள்வி தலைகீழாக வரும்: எந்தச் சுவரை எழுப்புவது? பதில் அதேதான். படுக்கப் போகிறவர்களை எண்ணிக்கொண்டு ஆரம்பியுங்கள்.

கட்டில் போட்ட பிறகு அலமாரிக் கதவு திறக்குமா

சின்னப் படுக்கையறை அகலம் சுமார் 3 மீட்டர் என்று வையுங்கள். அலமாரி ஆழம் 60 சென்டிமீட்டர். கிங் கட்டில் அகலம் 182. கட்டிலை எதிர்ச் சுவரோடு ஒட்டிப் போட்டாலும் நடுவில் மிஞ்சுவது 58. அதற்குள் அலமாரிக் கதவு 45 சென்டிமீட்டர் வெளியே வரும். கதவைத் திறந்தால் நீங்கள் கட்டில் மேல் ஏறி நின்றுதான் சட்டை எடுக்க வேண்டும். குவீன் கட்டில் 152. 88 மிஞ்சும், மனிதர் நிற்கலாம்.

இந்தக் கூட்டல் கழித்தலை நாலாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். ஆனால் ஒருவரும் போடுவதில்லை. கட்டிலை மெத்தைக் கடையில் படுத்துப் பார்த்து வாங்குகிறார்கள், அலமாரியைத் தச்சரிடம் சொல்கிறார்கள், இரண்டும் ஒரே நாளில் வீட்டில் சந்திக்கின்றன. சாவி கிடைத்த அன்றே ஒரு மாஸ்கிங் டேப் உருளை வாங்கிப் போய்க் கட்டில், அலமாரி, அறைக் கதவு திறக்கும் வளைவு எல்லாவற்றையும் தரையில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டிவிட்டுப் போர்வை மடிப்பதுபோல் கையை விரித்து நடந்து பாருங்கள். வீவக பிளானில் போட்டிருக்கும் அளவை வைத்துத் தச்சு வேலைக்கு முன்பணம் கட்டாதீர்கள், தச்சர் நேரில் வந்து அளந்த பிறகு கட்டுங்கள்.

திறந்த சமையலறை

வாரத்தில் ஒருமுறைக்கு மேல் மீன் பொரிக்கிற வீட்டுக்கு வேண்டாம்.

வாஸ்து

வீடு தேர்ந்தெடுக்கும் நாளில் பாருங்கள். சாவி வாங்கிய பிறகு சமையலறை அக்னி மூலைக்கு நகராது.

குளியலறை ஓடு

புது புளோக் கட்டி முடித்து 3 ஆண்டுக்குத் தரை, சுவர் ஓடுகளை மாற்ற அனுமதி இல்லை. பிடிக்காவிட்டாலும் சகித்துக்கொள்ளுங்கள்.

பாம் ஷெல்டர்

குண்டு விழுந்தால் ஒதுங்குவதற்கான தடித்த சுவர் அறை. 1990களின் கடைசியிலிருந்து கட்டும் வீவக வீடுகளில் இது இருக்கும். சுவரை உடைக்க முடியாது, இரும்புக் கதவைக் கழற்ற முடியாது, காற்றுத் துளையை அடைக்க முடியாது. இது எல்லோருக்கும் தெரியும். மறந்துபோவது கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும் என்பதை. அதன் முன்னால் குளிர்பதனப் பெட்டியையும் செருப்பு அலமாரியையும் வரைந்து கொண்டுவருகிறார்கள். பிறகு உள்ளே வைத்த பெட்டியை எடுக்கப் பக்கவாட்டில் நுழைகிறார்கள்.

அதில் பணிப்பெண்ணைப் படுக்க வைக்கும் யோசனையோடு என்னிடம் வராதீர்கள். ஜன்னல் இல்லாத அறை அது.

சாமி இடம்

பெரும்பாலும் கடைசியில் ஞாபகம் வந்து, டிவி அலமாரியின் ஓரத்தில் ஒரு கட்டம் ஒதுக்கப்படுகிறது. 3டி படத்தில் அழகாக இருக்கும். ஆனால் அந்தக் கட்டத்தின் உயரம் 40 சென்டிமீட்டர், படம் வைத்து விளக்கேற்றினால் சுடர் மேல் தட்டுக்கு ஒரு சாண் தூரத்தில். சில மாதத்தில் தட்டின் அடியில் முதலில் மஞ்சளாக, பிறகு பழுப்பாக ஒரு வட்டம் விழும். அதன் பிறகு லாமினேட் ஓரம் சுருண்டு எழும்பும். சாம்பிராணி போடுகிற வீடென்றால் பக்கத்துச் சோபாத் துணியிலும் வாசம் ஏறிவிடும். அதுகூட எனக்குப் பிடிக்கும், உங்கள் விருந்தாளிகளைப் பற்றித் தெரியாது.

விளக்கு நிற்கும் இடத்துக்கு மேலே தட்டே வேண்டாம். வேண்டுமென்றால் கல்லோ ஓடோ பதித்துக்கொள்ளுங்கள். விளக்கின் கீழே இழுத்துத் தள்ளும் தட்டு ஒன்று வையுங்கள். எண்ணெய் சிந்தினால் துடைக்கச் சுலபம். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் மாமியார் வந்து சொல்லுவார், அப்போது தச்சு வேலை முடிந்திருக்கும்.

மேற்கு வெயில்

சிங்கப்பூர் பூமத்தியரேகைக்கு ஒரு பாகைதான் வடக்கே. வருடம் முழுக்க சூரியன் மேற்கில்தான் இறங்கும், மறைய ஏழு மணி ஆகிவிடும். மேற்கு ஜன்னல் உள்ள அறையில் குழந்தையின் மதியத் தூக்கத்தைத் திட்டமிடாதீர்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களும் மேசையை அங்கே போட வேண்டாம். மூன்று மணிக்கு மேல் திரையில் ஒன்றும் தெரியாது.

செருப்பு

வெளியே தாழ்வாரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணி வாசலில் ஒரு இடமும் விடாமல் பிளான் போடுகிறார்கள். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் புளோக்கின் தாழ்வாரத்தை அளந்து பார்த்தால் மிஞ்சுவது பல நேரம் ஒரு செருப்பு அகலம்தான். அதனால் வாசல் கதவுக்கு உள்ளே, கதவு திறந்தால் இடிக்காத பக்கத்தில், ஆழம் குறைந்த ஒரு அலமாரிக்குச் சுவர் ஒதுக்குங்கள். செருப்பைச் சாய்த்து நிறுத்தும் வகை என்றால் 20 சென்டிமீட்டர் ஆழம் போதும். உட்கார்ந்து மாட்ட ஒரு முக்காலியும் வைத்தால் முட்டிவலிக்காரர்கள் வாழ்த்துவார்கள். இது வீட்டாரின் செருப்புக்கு மட்டும். தீபாவளி அன்று வந்து குவிகிற செருப்புக்கு யாராலும் பிளான் போட முடியாது.